பரணில் இருந்த துளைக் கிண்ணங்களும் கைவிட்டுப் போன 38,000 ரூபாயும்

கீழக்கரை, பெரியபட்டினம், தேவிபட்டினம், தொண்டி என்று இராமநாதபுரம் கடற்கரை ஊர்களில் பழைய காரை வீடுகள் ஒவ்வொன்றாகப் பழுது பார்க்கப்படுகின்றன அல்லது இடிக்கப்படுகின்றன. அப்போது பரணிலிருந்து இறங்கும் சாமான்கள் சிலவற்றின் பயன் அந்த வீட்டில் பிறந்து வளர்ந்தவர்களுக்கே தெரிவதில்லை. அப்படிப்பட்ட பொருளின் பயனைச் சொல்லக்கூடியவர் வருவதற்கு முன்பே அதற்கு விலை பேச ஆள் வந்துவிடுகிறார். எங்கள் வீட்டில் அதுதான் நடந்தது. அந்த நாள்களில் யாராவது ஒருவர் எனக்கு இதையெல்லாம் சொல்லியிருந்தால் பணமும் தூக்கமும் மிஞ்சியிருக்கும் என்பதால் நடந்ததை நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

பெண்பிள்ளைக்கு வீடு என்பது எங்கள் ஊர் வழக்கம். உம்மா மவுத்தான பிறகு அவருடைய வீடு எனக்கு வந்தது. ஐப்பசி மழைக்கு முன்பு உள்ளறையின் கூரையைச் செப்பனிட வேண்டியிருந்ததால் பரணை ஒழித்தோம். உடைந்த பீங்கான், கறையான் அரித்த கணக்கு நோட்டுகள், பித்தளைக் குத்துவிளக்கு ஒன்று ஆகியவற்றுக்குப் பின்னால், சுவரோடு ஒட்டி ஒரு சிறிய மரப்பெட்டி இருந்தது. அதற்குள் ஒன்றினுள் ஒன்றாக அடுக்கிய ஏழு பித்தளைக் கிண்ணங்கள் இருந்தன. எல்லாமே ஏறக்குறைய மூன்று அங்குல வாயகலம் உடையவை. ஒரே அச்சில் செய்தவை போல ஒரே அளவு. ஆனால் ஒவ்வொன்றின் அடியிலும் துளைகள் இருந்தன, அந்தத் துளைகள் கிண்ணத்துக்குக் கிண்ணம் மாறுபட்டன. ஒன்றில் சுண்டைக்காய்க் கொட்டை தாராளமாக விழும். இன்னொன்றில் ஊசிமுனைதான் நுழையும். கூடவே சிறிய கைத்தராசு ஒன்றும், துணி முடிச்சில் சிவப்பு மஞ்சாடி விதைகளும் இருந்தன.

பார்த்தவர்கள் ஆளுக்கொன்று சொன்னார்கள். என் லாத்தா, அதாவது அக்கா, இடியாப்ப அச்சு என்றார். இடியாப்பத்துக்கு ஏழு அச்சு எதற்கு என்று கேட்டதற்கு அவரிடம் பதில் இல்லை. பூந்தி தேய்க்கும் கரண்டியின் தலைப்பகுதி என்றார் ஒருவர், மருந்து சலிக்கும் சல்லடை என்றார் இன்னொருவர். பழைய பாத்திரக் கடைக்காரர் எதுவும் சொல்லாமல் எடைக்கு எடை பணம் தருவதாக மட்டும் சொன்னார். பின்னாளில் நினைத்துப் பார்க்கும்போது, இவர்களில் கடைக்காரர்தான் மிகவும் நேர்மையானவராகத் தோன்றுகிறார்.

நான் எடுத்த படத்தை உறவினர் குழுவில் போட்டேன். குழுவில் இருந்த யாரோ வேறு யாருக்கோ அனுப்ப, அது எந்தெந்தக் கைபேசிக்கெல்லாம் போனதோ, முன்பின் தெரியாத ஒருவர் அழைத்தார். மிகவும் மரியாதையாகப் பேசினார். பழம்பொருள் ஆய்வு செய்பவர் என்றார், பொருள் எந்த அறையில் எந்தத் திசையில் இருந்தது என்றுகூடக் கேட்டார். பிறகு காரில் இன்னும் இருவரோடு வந்தார். பையிலிருந்து ஒரு பொட்டலம் அரிசியை எடுத்துத் தட்டில் பரப்பி, கிண்ணத்தை அருகில் கொண்டுபோனபோது அரிசி மணிகள் நகர்ந்து அதை நோக்கி ஒட்டிக்கொண்டு வந்தன. நான் என் கண்ணால் பார்த்தேன். இடி விழுந்து சக்தி ஏறிய, இரிடியம் என்ற அரிய உலோகம் கலந்த பொருள் இது, வெளிநாட்டு விண்வெளி நிறுவனங்கள் கோடிக்கணக்கில் வாங்குகின்றன, ஆனால் முதலில் ஆய்வகச் சோதனை செய்து சான்று வாங்க வேண்டும், அதற்கு 38,000 ரூபாய் செலவாகும் என்றார்கள். வீட்டில் கூரை பிரித்துப் போட்டிருந்தது, கொத்தனாருக்குக் கூலி பாக்கி இருந்தது, கணவர் துபாயில் இருந்தார். பணத்தைக் கைபேசி வழியாகவே அனுப்பினேன்.

அதன் பிறகு கேட்ட தொகை இரண்டு லட்சம். கதிர்வீச்சுத் தடுப்பு உடை, பாதுகாப்புப் பெட்டி என்று காரணங்கள் வந்தன. கையில் இல்லை என்றதும் குரல் மாறியது. வீட்டில் புதையல் வைத்திருப்பதாகக் காவல்துறைக்குச் சொல்லிவிடுவோம், அரசாங்கம் வீட்டையே முத்திரை வைத்துவிடும் என்றார்கள். கணவரிடம் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. அதைவிடப் பயம் அதிகமாக இருந்தது. இரவில் தெருவில் வண்டிச் சத்தம் கேட்டால் எழுந்து உட்கார்ந்துவிடுவேன். இந்த மிரட்டல் எவ்வளவு வெறுமையானது என்பதைச் சட்டத்தைப் படித்த பிறகுதான் தெரிந்துகொண்டேன். அதைக் கீழே சொல்கிறேன்.

இந்த மோசடிக்குத் தமிழ்நாடு முழுவதும் ரைஸ் புல்லிங் என்றுதான் பெயர். செய்தித்தாள்களில் கலசம், செம்பு, பழைய விளக்கு என்று பொருள் மட்டும் மாறிமாறி வரும், கதை ஒன்றேதான். அரிசியில் இரும்புத்தூளைப் பூசிக் காய வைத்து, பொருளுக்குப் பின்னாலோ விரலிடுக்கிலோ ஒரு காந்தத்தை மறைத்துக்கொண்டால் போதும். ஆகவே யாராவது இப்படிச் செய்துகாட்ட வந்தால், உங்கள் அடுப்படியில் உள்ள அரிசியைக் கொடுத்து அதை வைத்துச் செய்யச் சொல்லுங்கள். எங்கள் வீட்டில் மூட்டை அரிசி இருக்கும்போது அவர்கள் ஏன் பொட்டலத்தில் அரிசி கொண்டுவந்தார்கள் என்ற கேள்வி அந்த நேரத்தில் யாருக்கும் எழவில்லை.

இரிடியமா இல்லையா என்பதை வீட்டிலேயே சோதித்துவிடலாம். இதற்கு மின்னணு எடைக்கருவியும் கோடு போட்ட அளவுக் குவளையும் போதும். ஏழு கிண்ணங்களையும் சேர்த்து எடை போட்டதில் 470 கிராம் வந்தது. குவளையில் தண்ணீர் ஊற்றிக் கோட்டைக் குறித்துக்கொண்டு, காற்றுக் குமிழி நிற்காமல் அவற்றை முழுக்கினேன். தண்ணீர் ஏறக்குறைய 55 மில்லிலிட்டர் உயர்ந்தது. எடையைக் கன அளவால் வகுத்தால் ஒரு கன சென்டிமீட்டருக்கு எட்டரை கிராம். அது பித்தளையின் அடர்த்தி. இரிடியத்தின் அடர்த்தி 22.5 கிராமுக்குச் சற்று மேலே. அதே எடையுள்ள இரிடியம் 21 மில்லிலிட்டர்தான் உயர்த்தியிருக்கும். இந்தக் கணக்கைப் போட்டு முடித்தபோது அழுகை வந்தது, கோபமும் வந்தது, ஆனால் அன்றிரவுதான் நன்றாகத் தூங்கினேன்.

மறுநாள் முதல், இதன் விலை என்ன என்ற கேள்வியை ஒதுக்கிவிட்டு, இதை வைத்து என்ன செய்தார்கள் என்று பார்க்கத் தொடங்கினேன். இங்கேதான் நான் முக்கியமாகச் சொல்ல வேண்டியது இருக்கிறது. பொருளை யாரிடமாவது காட்டுவதற்கு முன்பு, அதனிடமே கேட்கக்கூடிய கேள்விகள் நிறைய உள்ளன. கிண்ணங்களின் அடியில் புகைக்கறை இல்லை, ஆகவே அடுப்பில் வைத்தவை அல்ல. எண்ணெய்ப் பிசுக்கு இல்லை, ஆகவே பலகாரத்துக்கும் பயன்படவில்லை. துளைகளின் விளிம்பு உள்பக்கம் விரலுக்கு வழுவழுப்பாக இருந்தது. அதாவது ஏதோ ஒன்று திரும்பத் திரும்ப அவற்றின் மேல் உருண்டிருக்கிறது. உடனிருந்த தராசு மிகச் சிறியது, அதில் கைப்பிடிப் பருப்பைக்கூட நிறுக்க முடியாது. மஞ்சாடி என்பது பொன்னும் மணியும் நிறுக்கப் பயன்பட்ட விதை. எனவே பெட்டியில் இருந்தவை ஒரே தொழிலின் கருவிகள், அந்தத் தொழில் சிறிய, விலை உயர்ந்த, உருண்டையான ஒன்றைப் பற்றியது. ஒன்றாகக் கிடைத்தவற்றைத் தனித்தனியாகப் பிரித்துவிடக் கூடாது என்பதை இதனால் சொல்கிறேன். மஞ்சாடி விதைகளை என் லாத்தா மகள் பல்லாங்குழி விளையாட எடுத்துப் போயிருந்தாள். நல்லவேளையாக அவை திரும்பக் கிடைத்தன.

பிறகு துளைகளை எண்ணினேன். இதற்குப் பொறுமை வேண்டும். கிண்ணத்தை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து நேர்மேலிருந்து படமெடுத்து, பெரிதாக அச்சிட்டு, ஒவ்வொரு துளையின் மேலும் பேனாவால் புள்ளி வைத்துக்கொண்டே போனால் தவறு வராது. பெரிய துளைக் கிண்ணத்தில் 30 துளைகள். அடுத்ததில் 80. அதற்கடுத்தவற்றில் 100, 200. அப்போதே எனக்கு உடல் சிலிர்த்தது, ஏனென்றால் வடிகட்டி செய்கிறவன் துளைகளை எண்ணிப் போட மாட்டான். நானூறுக்கு மேல் துல்லியமாக எண்ண முடியவில்லை, களிம்பு அடைத்துச் சில துளைகள் மூடிப்போயிருந்தன. இருந்தாலும் மீதி மூன்றும் 400, 800, 1000 என்பவற்றை ஒட்டியே வந்தன.

இந்த எண்களை வைத்துக்கொண்டு தேடியபோது விடை விரைவில் கிடைத்தது. மன்னார் வளைகுடாச் சலாபங்களில், அதாவது முத்துக்குளிப்புகளில், எடுத்த முத்துகளைப் பருமன்படி பிரிக்கப் பத்துப் பித்தளைக் கிண்ணங்கள் கொண்ட ஓர் அடுக்கைப் பயன்படுத்தினார்கள். அவற்றைப் பெட்டி என்றே சொல்லியிருக்கிறார்கள். 20, 30, 50, 80, 100, 200, 400, 600, 800, 1000 என்பவை அவற்றின் துளை எண்ணிக்கை. அதுவே அவற்றின் பெயரும்கூட. கிண்ணத்தின் அடி ஒரே பரப்பு என்பதால் எண்ணிக்கை கூடக்கூடத் துளை சிறுக்கும். இருபதாம் பெட்டியில் போட்டு அசைக்கும்போது விழாமல் தங்குவது மிகப் பெரிய முத்து. விழுந்தது முப்பதாம் பெட்டிக்குப் போகும். இப்படியே இறங்கிக் கடைசியில் மிஞ்சுவது தூள். அதன் பிறகுதான் உருட்சியும் ஒளியும் பார்த்து, முதல் தரமான ஆணி முத்து தொடங்கிப் பல தரங்களாகப் பிரிப்பதும், கழஞ்சு, மஞ்சாடிக் கணக்கில் நிறுப்பதும் நடந்தன. எங்கள் பரணில் இருந்த மூன்று வகைப் பொருளும் இந்த வரிசையில் தத்தம் இடத்தில் போய் உட்கார்ந்தன. பத்தில் 20, 50, 600 ஆகிய மூன்றும் இல்லை.

உங்கள் வீட்டுப் பொருளும் கடல் தொழிலைச் சேர்ந்ததாக இருக்கலாம் என்று தோன்றினால் எங்கே தேடுவது என்பதையும் சொல்லிவிடுகிறேன். சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன் இந்தக் கடலின் முத்து, சங்குக் குளிப்புகளைப் பற்றி 1890இல் எழுதினார். மீன்வளத் துறையில் இருந்த ஜேம்ஸ் ஹார்னெல் 1914இல் சங்கைப் பற்றியும் 1922இல் முத்துக்குளிப்பைப் பற்றியும் எழுதினார். மண்டபத்தில் நிலையம் வைத்திருக்கும் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் வெளியீடுகளும் இணையத்தில் திறந்தே கிடக்கின்றன. ஆங்கிலம் படிக்கச் சிரமப்படுபவர்கள் பள்ளிப் பிள்ளைகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படங்களையாவது பார்க்கலாம். எங்கள் தெருவிலேயே இன்னொரு வீட்டில், நடுவில் வட்டத் துளை போட்ட ஒரு பலகையால் தண்ணீர்க் குடத்தை மூடி வைத்திருக்கிறார்கள். சங்குக் குளிப்பில் அளவு பார்க்க இப்படிப்பட்ட துளைப் பலகையில் சங்கை விட்டுப் பார்ப்பார்கள். துளையில் நுழைந்துவிடும் சிறிய சங்கு கழிக்கப்படும். அந்தப் பலகையும் அதுவாக இருக்கக்கூடும் என்று அவர்களிடம் சொல்லியிருக்கிறேன். குடத்துக்கு வேறு மூடி வாங்கும் வரை அது அங்கேதான் இருக்கும் போலிருக்கிறது.

படித்துத் தெரிந்துகொண்ட பிறகு, ஊரில் தொண்ணூறை நெருங்கும் ஒரு பெரியவரிடம் கிண்ணங்களைக் கொண்டுபோனேன். அவருடைய வாப்பா முத்து வாங்கி விற்றவர். நான் எதையும் முன்கூட்டிச் சொல்லவில்லை, பெட்டியைத் திறந்து வைத்தேன், அவ்வளவுதான். சொல்லிவிட்டுக் கேட்டால் வயதானவர்கள் நம் மனம் கோணாமல் ஆமாம் என்று சொல்லிவிடுவார்கள். பேசாமல் காட்டினால் அவர்களுக்குத் தெரிந்தது தானாக வரும். அவர் ஒரு கிண்ணத்தை எடுத்து உள்ளங்கையில் வைத்து, இடமும் வலமுமாக மெதுவாகச் சுழற்றி, "முத்து அரிக்கிற பெட்டியல்லவா புள்ள, மீதி எங்கே?" என்றார். தூத்துக்குடிப் பக்கம் கடைசியாகச் சலாபம் நடந்தது 1961இல். அதை அவர் நேரில் பார்த்தவர். அதற்கும் முந்தைய காலத்தில் இலங்கையின் மரிச்சுக்கட்டிக்கு நம் ஊர்க் குளிகாரர்கள் தோணி தோணியாகப் போனதைத் தம் வாப்பா வாயிலாகக் கேட்டிருக்கிறார். 1905ஆம் ஆண்டுச் சலாபத்தில் அங்கே எட்டுக் கோடிக்கு மேல் சிப்பி எடுத்ததாகக் கணக்கு இருக்கிறது. அதன் பின் சில ஆண்டுகளிலேயே படுகை வெறுமையாகிவிட்டது. சிப்பிகளை அழுகவிட்டுக் கழுவும் அந்த வாடையைப் பற்றி அவர் விடாமல் பேசிக்கொண்டிருந்தார், என் கிண்ணங்களை மறந்தேவிட்டார்.

துப்புரவு பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பரணிலிருந்து இறக்கிய அன்றே, வீட்டு வேலைக்கு உதவ வந்த பெண்மணி 200ஆம் கிண்ணத்தை எடுத்துப் புளியும் சாம்பலும் போட்டுப் பளபளவென்று தேய்த்துவிட்டார். நல்ல மனத்தோடு செய்தார், தடுத்ததால் மற்றவை தப்பின. பிற்பாடு இராமநாதபுரத்தில் ஒரு நகைக்கடைக்காரர் தம் பூதக்கண்ணாடியால் பார்த்தபோது, 1000ஆம் கிண்ணத்தின் ஒரு துளையில் கடுகைவிடச் சிறிய, சாம்பல் நிறமான மணி ஒன்று பச்சைக் களிம்பில் சிக்கியிருந்ததைக் காட்டினார். தூள் முத்துதான் என்றார். முத்து என்பது பெரும்பாலும் கால்சியம் கார்பனேட். புளியின் அமிலம் அதைத் தின்றுவிடும். தேய்க்கப்பட்ட கிண்ணத்தில் எதுவும் இருந்திருந்தால் அது அன்றே கரைந்து போயிருக்கும். உலர்ந்த மென்மையான தூரிகையால் தூசியைத் தட்டுவதற்கு மேல் எதுவும் செய்ய வேண்டாம். எங்கள் கடற்காற்றின் உப்பு பித்தளையை அரிக்கும் என்பதால், பருத்தித் துணியில் சுற்றி ஈரம் புகாத டப்பாவில் வைப்பது நல்லது.

இனி சட்டம். 1972ஆம் ஆண்டின் தொல்பொருள்கள் மற்றும் கலைக் கருவூலங்கள் சட்டப்படி, நூறு ஆண்டுக்குக் குறையாத கைவினைப் பொருள் தொல்பொருளாகக் கருதப்படும். அறிவியல், வரலாறு, இலக்கிய மதிப்புள்ள சுவடிகளுக்கு அந்த வரம்பு 75 ஆண்டு. அதை வீட்டில் வைத்திருப்பது குற்றம் அல்ல. கல், உலோகம், மரம் ஆகியவற்றாலான சிற்பங்கள், ஓவியங்கள், ஓவியம் தீட்டிய சுவடிகள் போன்ற அறிவிக்கப்பட்ட வகைகளை மட்டும் பதிவு செய்துகொள்ள வேண்டும். என்னுடையது போன்ற தொழிற்கருவி அந்தப் பட்டியலில் வராது. புதையல் சட்டம் 1878ஆம் ஆண்டினுடையது. அது மண்ணிலோ மண்ணோடு பொருந்திய ஒன்றிலோ மறைத்து வைக்கப்பட்டவற்றைப் பற்றியது. வீட்டுக்கு அடித்தளம் தோண்டும்போது பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ளது கிடைத்தால் மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். பரணில் நம் முன்னோர் வைத்துப் போன பெட்டிக்கு அது பொருந்தாது. கவனிக்க வேண்டியது வெளிநாட்டுப் பயணம்தான். நம் ஊரில் வீட்டுக்கு ஒருவர் வளைகுடாவில் இருக்கிறார், நினைவாகப் பெட்டியில் போட்டுக் கொண்டுபோகலாம் என்று தோன்றும். தொல்பொருளைத் தனியார் வெளிநாட்டுக்குக் கொண்டுசெல்வதற்குத் தடை உள்ளது, மீறினால் ஆறு மாதத்துக்குக் குறையாத சிறை. பொருள் பழையது போலத் தோன்றி, ஆனால் நூறு ஆண்டு ஆகாததாக இருந்தால், தொல்லியல் துறையிடம் அது தொல்பொருள் அல்ல என்ற சான்று வாங்கிக்கொண்டுதான் விமான நிலையம் போக வேண்டும். என் கணவர் ஒரு கிண்ணத்தைக் கேட்டார், நான் மறுத்துவிட்டேன்.

பணம் திரும்பவில்லை. இணையவழிப் பண மோசடிக்கான 1930 என்ற உதவி எண்ணில் புகார் செய்யும்போது, பணம் போய்ச் சேர்ந்த கணக்கில் அது இன்னும் இருந்தால் முடக்கிவைக்க வாய்ப்பு உண்டு. நான் அழைத்தபோது அது எப்போதோ எடுக்கப்பட்டிருந்தது. பயத்தில் கழிந்த நாள்களின் விலை அது. ஏமாந்த அன்றே, அந்த மணி நேரத்திலேயே அழைக்க வேண்டும். அழைப்புப் பதிவுகள், பணம் அனுப்பிய விவரம், அவர்கள் அனுப்பிய போலிச் சான்றின் படம், கார் எண் ஆகிய எதையும் அழிக்காதீர்கள். புகார் எண் கிடைத்ததும் அவர்களுடைய அடுத்த அழைப்பில் அந்த எண்ணைப் படித்துக் காட்டினேன். அதன் பிறகு அந்தக் குரல் வரவே இல்லை.

கிண்ணங்கள் இப்போது ஏழாகவே இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் எடை, துளை எண்ணிக்கை, கிடைத்த இடம், பெரியவர் சொன்னது ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி, படங்களோடு பெட்டிக்குள் வைத்திருக்கிறேன். அருங்காட்சியகத்துக்குக் கொடுப்பதா, என் மகளுக்கு வைப்பதா என்பதில் வீட்டில் இன்னும் ஒத்த கருத்து இல்லை. கொடுப்பதாக இருந்தால் எழுத்தில் ஒப்புதல் வாங்கிக்கொண்டு தராசையும் மஞ்சாடியையும் சேர்த்தே கொடுப்பேன். காணாமல் போன மூன்றும் உம்மாவின் சகோதரிகளுடைய வீடுகளில் எங்காவது பங்காகப் போயிருக்கலாம் என்பது லாத்தாவின் கணிப்பு. அந்த வீடுகளின் பரண்களுக்கு இந்தக் கோடையில் ஏணி வைக்கப் போகிறோம். இந்த முறை யாரும் படம் எடுத்துக் குழுவில் போடக் கூடாது என்று முன்கூட்டியே எல்லாரிடமும் சொல்லி வைத்திருக்கிறேன்.